நியூட்டன் என்னும் ஊரும் பேரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பலர் சங்க இலக்கியத்தையும் சமய இலக்கியத்தையும் விரித்துரைத்த மேடை இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் என்னையும் இம்மேடையில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எனக்குப் பழக்கமான தொழில் ஒன்றே. அஃது ஊர்ப் பெயர்களை எழுதுவது. எந்தச் சரக்கு எந்த ஊரில் ஏற்றப்பட்டது, எந்த ஊரில் இறக்கப்படும் என்பதை முன்னர் ஏட்டிலும், இப்போது கணினியிலும் எழுதி வருகிறேன். ஆகவே, ஓர் ஊர்ப் பெயரைப் பற்றியே உங்கள் முன் பேசத் துணிந்தேன். அது நம் நாட்டு ஊர் அன்று. ஆங்கில நாட்டு ஊர். ஆயினும் அதன் வரலாறு, ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு மிகவும் நெருங்கிய வரலாறு என்பதை இறுதியில் நீங்களே உணர்வீர்கள்.

நியூட்டன் என்றவுடன் நம் நினைவில் எழுவன ஓர் ஆப்பிள் மரமும், அதன் நிழலில் அமர்ந்து சிந்தித்த ஓர் அறிஞருமே. பள்ளிச் சிறுவரும் அவரை அறிவர். ஆனால், அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஐசக் என்பது. நியூட்டன் என்பது அவருடைய குடும்பப் பெயர். அக்குடும்பப் பெயரோ ஆதியில் ஒரு மனிதனைக் குறித்ததன்று. ஓர் ஊரைக் குறித்தது. அவ்வூரும் ஒன்றன்று, பல. ஆங்கில நாட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் ஊர்ப் பெயர்களுள் நியூட்டனும் ஒன்று.

அப்பெயரின் பொருளை முதலில் காண்போம். ஐந்தாம் நூற்றாண்டு தொடங்கி, வட கடலைக் கடந்து வந்து பிரித்தானியத் தீவில் குடியேறிய மக்களை ஆங்கிலோ-சாக்சனியர் என்கிறோம். அவர்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் 'நீவே' என்றால் புதியது. 'தூன்' என்றால் முதலில் வேலி இட்டு அடைத்த இடம்; பின்னர் அவ்வேலிக்குள் அமைந்த பண்ணை; அதன் பின்னர் பண்ணையைச் சூழ வளர்ந்த சிற்றூர். இன்று ஆங்கிலத்தில் நகரத்தைக் குறிக்கும் 'டவுன்' என்ற சொல் இத்தூனின் வழிவந்ததே. இதன் உடன்பிறந்த சொல் செருமானிய மொழியில் இன்றும் வேலியையே குறிக்கிறது. டச்சு மொழியில் தோட்டத்தைக் குறிக்கிறது. வேலி, தோட்டம், ஊர், நகரம் என்று ஒரே சொல் மூன்று நாடுகளில் மூன்று நிலைகளில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைத் தமிழில் எவ்வாறு சொல்வது? புதூர் என்று சொன்னால் பொருள் விளங்கும். ஆனால், அதனினும் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு. ஆடுமாடுகளை அடைத்து வைக்கும் வேலியிட்ட இடத்தை நாம் பட்டி என்கிறோம். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊர்ப் பெயரிலும் அதே பட்டி நிற்கிறது. அடைப்பைக் குறித்த சொல் ஊரைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆங்கிலேயரின் தூன் நடந்து வந்த வழியும் அதுவே. ஆகவே, நியூட்டன் என்பதைப் புதுப்பட்டி என்று மொழிபெயர்த்தால் ஒரு குறையும் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் புதுப்பட்டிகள் இருப்பது போலவே, ஆங்கில நாட்டிலும் கோட்டந்தோறும் நியூட்டன்கள் இருக்கின்றன.

அப்பெயரின் முற்பகுதியும் நமக்கு அயலானதன்று. ஆங்கிலத்தின் 'நியூ' என்பதும், வடமொழியின் 'நவ' என்பதும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த சொற்கள். நாம் வழங்கும் நூதனம் என்ற சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்நகரைச் சுற்றியுள்ள மராட்டியச் சிற்றூர்களில் நவேகாவ் என்ற பெயரைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதுவும் புதிய ஊரே. கன்னடத்தார் ஹொசூரு என்பர். அதுவே நம் எல்லைப்புறத்து ஓசூர். விசாகப்பட்டினத்தருகே கொத்தவலசை என்று ஒரு ஜங்ஷன் உண்டு. தெலுங்கில் கொத்த என்றால் புதிய, வலச என்றால் இடம்பெயர்ந்து வந்தோர் குடியேற்றம். மக்கள் பெயர்ந்து சென்று குடியேறிய இடமெல்லாம் புதிது என்ற ஒரு சொல் ஊர்ப் பெயரில் ஏறி அமர்கிறது. மொழி வேறாயினும் மனித இயல்பு ஒன்றே.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இப்புதிய ஊர்கள் எவையும் புதியன அல்ல. நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்து 1066ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டை வென்ற வில்லியம் அரசர், நாட்டிலுள்ள நிலங்களையும் அவற்றின் உரிமையையும் வரிமதிப்பையும் கணக்கெடுக்கச் செய்தார். 1086ஆம் ஆண்டில் எழுந்த அக்கணக்கேட்டிற்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதிலேயே நியூட்டன் என்னும் ஊர்கள் பல காணப்படுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வயதாகியும் இன்னும் புதுப்பட்டியாகவே இருக்கின்றன. நியூகாசில் என்ற நகரத்தின் பெயர் தமிழில் புதுக்கோட்டை என்றாகும். அந்தப் புதிய கோட்டை முதலில் எழுந்த ஆண்டு 1080. ஆக்ஸ்போர்டிலுள்ள புதிய கல்லூரி நிறுவப்பட்டது 1379ஆம் ஆண்டில். புதிது என்று ஒரு முறை பெயரிட்டால், பெயர் ஒருபோதும் கிழடாவதில்லை.

ஊர்ப் பெயர் எல்லாம் ஒரே வடிவில் நிலைப்பதும் இல்லை. 'புதிய ஊரில்' என்று வேற்றுமை ஏற்றுச் சொல்லும்போது, பழைய ஆங்கிலத்தில் அது 'நீவன் தூனே' என்றாகும். மக்கள் வாயில் அவ்வடிவமே சில இடங்களில் நிலைத்து, நியூயிங்டன் என்றும், நான்டன் என்றும் ஆயிற்று. மூன்றும் ஒரே பெயரே. அவ்வாறே, வடக்குப் பட்டி நார்ட்டன்; தெற்குப் பட்டி சட்டன்; மேற்குப் பட்டி வெஸ்டன்; பாதிரிமாரின் பட்டி பிரெஸ்டன். இவற்றுள் ஒவ்வொன்றும் ஊராகவும் இருக்கிறது. மனிதர்களின் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. ஆயினும், 'டன்' என்று முடிவன எல்லாம் தூன் என்று கொள்வது தவறு. பாஸ்டன் என்னும் நகரின் பெயரில் உள்ளது தூன் அன்று. கல்லைக் குறிக்கும் சொல். போட்டுல்ஃப் என்பாரின் கல் என்பதே பாஸ்டன் ஆயிற்று என்பர். நம் நாட்டிலும் புத்தூர் என்ற பெயரைச் சிலர் புது ஊர் என்பர். சிலர் புற்று இருந்த ஊர் என்பர். ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்லிவிடக் கூடாது. பழைய எழுத்தையும் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் வரும் இடர்ப்பாட்டை என் போன்ற சரக்கு எழுத்தர் நன்கு அறிவர். புத்தூர் என்று மட்டும் எழுதினால் பெட்டி எங்கே போகும்? ஆந்திரத்தில் ரேணிகுண்டா வழியில் ஒரு புத்தூர் நிலையம் உண்டு. கருநாடகத்தில் ஒரு புத்தூர் நிலையம் உண்டு. பின்னதைக் கபக புத்தூர் என்று முன்மொழி சேர்த்து வழங்குகிறோம். ஆங்கிலேயரும் இதையே செய்தனர். டெவன் கோட்டத்தில் ஒரு நியூட்டன், டார் என்னும் மடத்தின் தலைவருக்கு உரிமையாக இருந்தமையால், நியூட்டன் ஆபட் ஆயிற்று. ஆபட் என்றால் மடாதிபதி. 1974ஆம் ஆண்டு வரை லங்காஷயரில் இருந்தது நியூட்டன்-லி-வில்லோஸ். வில்லோ மரங்கள் சூழ்ந்த நியூட்டன் என்பது பொருள். ஃபெரர்ஸ் என்ற குடும்பத்தார் ஆண்ட ஊர் நியூட்டன் ஃபெரர்ஸ். அந்த ஃபெரர்ஸ் என்ற குடும்பப் பெயரே நார்மண்டியில் உள்ள ஓர் ஊரின் பெயரிலிருந்து வந்தது. ஓர் ஊரின் பெயர் குடும்பத்தின் மேல் ஏறி, கடல் கடந்து, வேறோர் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நம்முள் பெரும்பாலோர் ரயில்வே குடும்பத்தினர். ஆதலால், இந்நியூட்டன்களுக்கும் இருப்புப்பாதைக்கும் உள்ள உறவையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நியூட்டன்-லி-வில்லோசில் 1830ஆம் ஆண்டில் வல்கன் ஃபவுண்டரி என்னும் எந்திரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணாவிற்கு 34 கிலோமீட்டர் தூரம் நம் நாட்டின் முதல் பயணி வண்டி ஓடியதல்லவா? அதை இயக்கிய கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் முதல் எஞ்சின்கள் அத்தொழிற்சாலையில் செய்யப்பட்டவையே. அக்கம்பெனியின் பாதையே பின்னர் நம் நாகபுரிக்கும் வந்தது. அதே நியூட்டனை அடுத்த பார்க்சைடு என்னுமிடத்தில்தான், 1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், லிவர்பூல்-மான்செஸ்டர் பாதையின் திறப்பு விழாவன்று, பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன் என்பார் ராக்கெட் என்னும் எஞ்சினால் மோதுண்டு உயிர் துறக்க நேர்ந்தது. தண்டவாளத்தில் நிற்காதீர் என்று நாம் இன்றும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

மான்செஸ்டரில் நியூட்டன் ஹீத் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வண்டிப் பெட்டிகள் செய்யும் ரயில்வேப் பணிமனைத் தொழிலாளர் 1878ஆம் ஆண்டில் ஒரு கால்பந்துக் குழுவைத் தொடங்கினர். நியூட்டன் ஹீத் என்பதே குழுவின் பெயர். 1902ஆம் ஆண்டில் அப்பெயரை மாற்றினர். மாறிய பெயரைச் சொன்னால் இங்குள்ள இளைஞர்கள் கைதட்டுவார்கள். அதுதான் மான்செஸ்டர் யுனைடெட். இன்னும் ஒன்று. டர்ஹாம் கோட்டத்தில் 1947ஆம் ஆண்டில் திட்டமிட்டு அமைக்கப்பட்ட புதிய நகரத்திற்கு நியூட்டன் ஐக்ளிஃப் என்று பெயரிட்டனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் வேலியடைத்து ஊர் அமைத்தவர்கள் வைத்த அதே பெயரை, இருபதாம் நூற்றாண்டு அரசும் வைத்தது. அவ்வூர்ப் பக்கத்துப் பாதையில்தான் 1825ஆம் ஆண்டில் ஸ்டீபன்சனின் லோகோமோஷன் எஞ்சின் முதன்முதலில் தண்டவாளத்தில் ஏற்றப்பட்டது.

ஊரைப் பற்றிச் சொன்னேன். இனி, ஊர் மனிதனான வரலாற்றுக்கு வருவோம்.

பழைய ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. ஒருவருக்கு ஒரு பெயர்; அவ்வளவே. நார்மானியர் வந்தபின் ஜான், வில்லியம், ராபர்ட் என்ற சில பெயர்களே நாடெங்கும் பெருகின. ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? கொல்லராயின் ஸ்மித் என்றனர். ராபின் மகனாயின் ராபின்சன் என்றனர். குட்டையராயின் ஷார்ட் என்றனர். ஊரைச் சொல்லி அழைக்கத் தக்கவராயின் ஊரைச் சொன்னார்கள்.

அன்பர்களே, இங்கே நான் உங்கள் கவனத்தைச் சிறப்பாக வேண்டுகிறேன். ஊரைச் சொல்லி அழைக்கத் தக்கவர் யார்? நியூட்டன் என்னும் ஊருக்குள்ளேயே வாழ்பவனை நியூட்டன் ஜான் என்று எவரும் அழைக்க வேண்டியதில்லை. அவ்வூரில் எல்லோரும் நியூட்டன்காரரே. அவன் மூட்டை கட்டிக்கொண்டு வேற்றூருக்குப் பிழைக்கச் சென்றால், அங்கே அவனை 'நியூட்டனிலிருந்து வந்த ஜான்' என்பர். ஆகவே, ஊர்ப் பெயரைத் தன் பெயராகப் பெற்றவன் பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவனே. நிலவுடைமையால் ஊர்ப் பெயர் பெற்ற பிரபுக்கள் உண்டு, அவர்கள் சிலர். எளிய மக்களில் ஊர்ப் பெயர் தாங்கியோர் எல்லாம் ஏதோ ஒரு தலைமுறையில் இடம்பெயர்ந்தோரின் வழியினரே. நியூட்டன் என்ற குடும்பப் பெயர், வந்தேறியவனுக்கு அயலூரார் இட்ட அடையாளம்.

அவ்வடையாளத்தை நிலைபெறச் செய்தவர் யார் தெரியுமா? என் இனத்தார், அதாவது குமாஸ்தாக்கள். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில நாட்டில் தலைவரி விதிக்கப்பட்டது. வரி வாங்குவதற்குப் பெயர்ப் பட்டியல் வேண்டுமல்லவா? எழுத்தர்கள் ஏட்டில் 'ஜான் டி நியூட்டன்' என்று எழுதினர். 'டி' என்பது இன்ன ஊரினன் என்பதைக் குறிக்கும் இடைச்சொல். காலப்போக்கில் அந்த 'டி' தேய்ந்து மறைந்தது. தந்தைக்கு எழுதிய பெயரையே மகனுக்கும் எழுதினர். மகன் நியூட்டனைக் கண்ணால் கண்டிராவிட்டாலும் அவன் நியூட்டனே. பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளுக்குள் குடும்பப் பெயர் பரம்பரையாய் நிலைத்துவிட்டது. பல நியூட்டன்களிலிருந்து பல குடும்பங்கள் தனித்தனியே கிளம்பியமையால், இன்று நியூட்டன் என்ற பெயருடைய இருவர் சந்தித்தால் அவர்கள் உறவினர் ஆக வேண்டுவதில்லை. புதுப்பட்டிக்காரர் எல்லோரும் பங்காளிகள் அல்லர் என்பது போல.

பேரறிஞர் ஐசக் நியூட்டன் பழைய நாட்காட்டியின்படி 1642ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் லிங்கன்ஷயரில் பிறந்தார். அவர் பிறந்த ஊர் நியூட்டன் அன்று, வூல்ஸ்தார்ப். 'தார்ப்' என்றால் தாயூரிலிருந்து பிரிந்த சிற்றூர். ஒரு சிற்றூரில் பிறந்தவர் வேறோர் ஊரின் பெயரைத் தாங்கியிருந்தார். 1665ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, அவர் வூல்ஸ்தார்ப்பிற்குத் திரும்பி வந்து ஆராய்ச்சி செய்தார். 1687ஆம் ஆண்டில் பிரின்சிப்பியா என்னும் பெருநூலை வெளியிட்டார். 1948ஆம் ஆண்டில் உலக நாடுகளின் அளவைப் பேரவை, விசையின் அலகிற்கு நியூட்டன் என்ற பெயரை ஏற்றது. ஏறத்தாழ 102 கிராம் எடையுள்ள பொருளைக் கையில் ஏந்தினால், அது கையை அழுத்தும் விசை ஒரு நியூட்டன். நம் ரயில் எஞ்சின்களின் இழுவிசையையும் இன்று கிலோ நியூட்டனில்தான் கணக்கிடுகிறோம். யாரோ ஓர் உழவன் வேலி கட்டி அமைத்த பட்டியின் பெயர், பாரம் இழுக்கும் விசையின் பெயராயிற்று.

அப்பெயர் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூட்டன் என்று ஒரு நகரம் உண்டு. 1891ஆம் ஆண்டில் அத்திப்பழம் வைத்துச் செய்த ஒரு பிஸ்கோத்திற்கு அந்நகரின் பெயரை இட்டனர். நியூட்டன் பிஸ்கோத்தைத் தின்னும் குழந்தைகள், அது விஞ்ஞானியின் பெயர் என்று எண்ணுவதுண்டு. 1920ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் புகழ்பெற்ற புகைப்படக்காரர் ஹெல்முட் நியூட்டனின் இயற்பெயர் ஹெல்முட் நாய்ஷ்டெட்டர். செருமானிய மொழியில் அதன் பொருள் புது நகரத்தார் என்பதே. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிப் பிறந்த நாட்டை விட்டு ஆஸ்திரேலியா சென்றவர், பெயரை மாற்றிக்கொண்டபோது, அதன் பொருளைக் கைவிடாமல் மொழியை மட்டும் மாற்றி நியூட்டன் ஆனார். நாட்டையும் வீட்டையும் இழந்தவர், பெயரின் பொருளை மட்டும் உடன் கொண்டு சென்றார். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த நியூட்டன் என்ற இந்தித் திரைப்படத்தில், நூதன் குமார் என்னும் கதைத்தலைவன் தன் பெயரை நியூட்டன் குமார் என்று மாற்றிக்கொள்கிறான். நூதனும் புதிது, நியூட்டனும் புதிது.

இனி, நம்மைப் பற்றி இரண்டொரு சொல்.

நாம் வாழும் இம்மராட்டிய மண்ணில், ஊர்ப் பெயருடன் 'கர்' என்பதைச் சேர்த்துக் குடும்பப் பெயர் ஆக்குவது வழக்கம். கோவாவிலுள்ள மங்கேஷி என்னும் ஊரால் அமைந்த பெயர் மங்கேஷ்கர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் இதே நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கரின் பெயரும் ரத்தினகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரிலிருந்து பிறந்ததே. அவர்தம் முறை ஆங்கிலேயர் முறையை ஒத்தது. ஊர் பின்னால் நிற்கும்.

தமிழர் ஊரை முன்னால் நிறுத்தினர். சங்கப் புலவர்களின் பெயர்களைக் கேளுங்கள்: கோவூர் கிழார், மாங்குடி மருதனார், ஒக்கூர் மாசாத்தியார். அண்மைக் காலத்தில் உ. வே. சாமிநாதையரின் உகரம் உத்தமதானபுரம், ம. பொ. சிவஞானத்தின் மகரம் மயிலாப்பூர். ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து நூல் எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளையின் முதலெழுத்து இராசவல்லிபுரம். அரியக்குடி என்றும், செம்மங்குடி என்றும், காருக்குறிச்சி என்றும் ஊரைச் சொன்னாலே இசைவாணரின் முகம் நம் கண்முன் வருகிறது. சாதிப் பெயரைப் பெயருடன் ஒட்டுவதை விட்டொழிக்க வேண்டும் என்று 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. சாதி நீங்கிய பின்னும், ஊரும் தந்தையும் இரண்டு எழுத்துகளாகப் பெயரின் முன் நின்றன. பின்னர் இரண்டு எழுத்தும் ஓரெழுத்தாயிற்று. ஊர் எழுத்தே முதலில் மறைந்தது.

இங்கு வந்தபின் மற்றோர் இடர். படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தை வெறுமையாய் விட்டால் கணினி ஏற்பதில்லை. தந்தையின் பெயரை அதில் எழுதுகிறோம். எனக்கு என் தந்தையார் பெயர் குடும்பப் பெயர். என் மகனுக்கு என் பெயர் குடும்பப் பெயர். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர்கள். என் தந்தையார் காலமான பின் ஓர் அலுவலகத்தில், நான் அவருக்கு மகன்தான் என்று மெய்ப்பிப்பதற்கு ஆறு முறை நடந்தேன். எங்கள் காகிதங்கள் ஒன்றோடொன்று உறவு கொண்டாடவில்லை. அவர் பிறந்ததும் ஒரு புதுப்பட்டியிலே. அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்து அவருடைய பணிப் பதிவேட்டில் இருந்தது. என் சான்றிதழில் இல்லை. என் மகனுக்கு அப்படி ஓர் எழுத்து இருந்ததே தெரியாது.

இவ்விடரைப் போக்கச் சிலர் ஊர்ப் பெயரை அக்கட்டத்தில் எழுதுகிறார்கள். அதை நான் வரவேற்கிறேன். குடும்பப் பெயர் என்னவென்று கேட்பவர் சில வேளைகளில் நம் சாதியை அறியவே கேட்கிறார். ஊரைச் சொன்னால் கேள்விக்கு விடையும் ஆயிற்று. சாதியைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஊர்ப் பெயர் தலைமுறை தோறும் மாறாது, காகிதமும் ஒத்துப்போகும். ஆயினும், எல்லோரும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் மதிப்பின்றி, ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையின்றி, மனம் நொந்து ஊரை விட்டு வந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவ்வூரின் பெயரைச் சுமந்து திரியுமாறு அவர்களைக் கேட்க எவர்க்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு இந்நாகபுரியே நியூட்டன், இதுவே புதுப்பட்டி. தாய்மார்களுக்கும் ஒரு சொல். ஊர் என்றால் தந்தை வழி ஊர் மட்டும் அன்று. தாய் பிறந்த ஊரும் ஊரே. அதைக் கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஆங்கில நாட்டு நியூட்டன்களுக்குப் பெயர் நிலைத்தது. ஆனால், தம் முன்னோர் எந்த நியூட்டனிலிருந்து புறப்பட்டனர் என்பதை அவருள் பெரும்பாலோர் அறியார். ஏட்டில் ஊரின் பெயரை மட்டும் எழுதிய குமாஸ்தா, எந்த நியூட்டன் என்பதை எழுதாமல் விட்டான். அவன் மற்றுமொரு சொல் சேர்த்து எழுதியிருந்தால், அறுநூறு ஆண்டுக்குப் பின்னும் பேரர்கள் தம் ஊரைத் தேடிச் சென்றிருப்பர். நமக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. நம் முதியோர் பலர் நலமாக இருக்கின்றனர். அவர்கள் நினைவில் ஊர் இருக்கிறது. பத்தாண்டு கழிந்தால் அவர்களைக் கேட்க இயலாது.

ஆகவே, சங்கத்தின் செயற்குழுவிற்கு ஒரு சிறு விண்ணப்பம் வைக்கிறேன். நம் உறுப்பினர் பதிவேட்டில் பெயர், முகவரி, சந்தா என்ற மூன்று கலங்களே உள்ளன. நான்காவதாக ஒரு கலம் சேர்ப்போம். விரும்பும் குடும்பத்தார் அதில் தந்தை வழி ஊரையும் தாய் வழி ஊரையும் முழுப் பெயராக எழுதட்டும். முதலெழுத்து வேண்டா. புதுப்பட்டி என்று மட்டும் எழுதுதல் போதாது. எந்த வட்டம், எந்த மாவட்டம், அருகில் எந்த ரயில் நிலையம் என்பதையும் எழுத வேண்டும். ஊர்ப் பெயரின் பொருளை முதியோர் அறிந்திருந்தால் அதையும் குறிக்க வேண்டும். விரும்பாதார் அக்கலத்தை வெறுமையாய் விடலாம். நம் பதிவேடு கணினியைப் போல் அவர்களைத் திருப்பி அனுப்பாது. எழுதும் வேலையை நானே ஏற்கிறேன். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை சங்க அறையில் ஏட்டுடன் அமர்ந்திருப்பேன். முதியோரை அழைத்து வருவது இளைஞர்களின் கடமை.